உடற்பயிற்சி சைக்கிளிலிருந்து மின்சாரம் எடுப்பது எப்படி?

உடற்பயிற்சிக் கூடத்தில் ஒருவர் வியர்க்க வியர்க்க அரைமணி நேரம் மிதிக்கிறார். அவருடைய கால்கள் செய்த வேலை முழுவதும் பிரேக் பட்டையின் உராய்வில் வெப்பமாகி அறைக்குள்ளேயே கரைந்துபோகிறது. அந்த வேலையில் ஒரு பகுதியையாவது மின்சாரமாகப் பிடிக்க முடியாதா என்று யோசிக்காதவர் குறைவு. முடியும், அதற்கு வேண்டிய பொருள்களும் அரியவை அல்ல. ஆனால் இந்த முயற்சியில் இறங்கும் பலரும் மோட்டார், பேட்டரி, இன்வெர்ட்டர் என்று வாங்கிச் சேர்த்துவிட்டு, கடைசியில்தான் இதைக் கொண்டு எதை இயக்கலாம் என்று தேடுகிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து. எதை இயக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி வந்து பெடலை அடைய வேண்டும். ஸ்பேனர் பிடிக்கவும் மல்டிமீட்டரில் வோல்ட் பார்க்கவும் தெரிந்தவர்கள் இதைச் செய்துவிடலாம்.

முதல் படி: காலின் கணக்கு

நல்ல உடல்நலமுள்ள, ஆனால் விளையாட்டு வீரரல்லாத ஒருவர் ஒரு மணி நேரம் விடாமல் மிதிக்கும்போது பெடலில் தரக்கூடிய திறன் 75 முதல் 100 வாட் வரை இருக்கும். முறையான பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர் அதே ஒரு மணி நேரத்துக்கு 200 முதல் 300 வாட் வரை தருவார். சில வினாடிகள் மட்டும் என்றால் சாதாரண மனிதர்கூட 500 வாட்டைத் தொட்டுவிடலாம் என்றாலும், அந்தச் சில வினாடிகளை நம்பி எதையும் திட்டமிடக் கூடாது. 1979 ஜூன் 12 அன்று பிரையன் ஆலன் என்பவர், மனித ஆற்றலால் மட்டுமே இயங்கும் ‘கோஸமர் ஆல்பட்ராஸ்’ விமானத்தை மிதித்தபடியே ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். 35.8 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க அவருக்கு 2 மணி 49 நிமிடம் ஆயிற்று. காற்று அமைதியாக இருக்கும்போது அந்த விமானம் கேட்டது சுமார் 300 வாட். ஒரு சாதாரண இஸ்திரிப் பெட்டி இழுப்பதில் இது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மனிதக் காலின் எல்லை எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

பெடலில் தரும் 100 வாட்டும் அப்படியே மின்சாரமாகிவிடாது. சங்கிலியும் பெல்ட்டும் சேர்ந்து பத்து வாட்டை எடுத்துக்கொள்ளும். மீதமுள்ள 90 வாட்டில் மோட்டார் சுமார் 70 வாட்டை மின்சாரமாக வெளியே தரும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் கன்வெர்ட்டரைத் தாண்டும்போது அது 65 வாட்டாகும். பேட்டரியில் போட்டு எடுத்து, இன்வெர்ட்டர் வழியாக மாறுதிசை மின்சாரமாக மாற்றினால், கடைசியில் சாக்கெட்டில் கிடைப்பது 45 முதல் 55 வாட் வரைதான். ஆக, மின்கட்டண அட்டையில் ஒரு யூனிட் என்று எழுதப்படும் ஒரு கிலோவாட் மணி ஆற்றலை இப்படிப் பெற, 100 வாட் வேகத்தில் ஏறத்தாழ 20 மணி நேரம் மிதிக்க வேண்டும். நம் தசைகளின் செயல்திறன் 20 முதல் 25 சதவீதம் மட்டுமே என்பதால், அந்த ஒரு யூனிட்டுக்கு உடல் எரிக்கும் உணவாற்றல் சுமார் 7,000 முதல் 8,600 கிலோ கலோரி வரை. மின்கட்டணத்தைக் குறைப்பதற்காக இதைத் தொடங்க நினைப்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, கூரையில் ஒரு சூரியத் தகட்டைப் பொருத்துவது நல்லது.

இங்கே ஒரு பொதுவான குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். உடற்பயிற்சி சைக்கிளின் திரையில் ஒரு மணி நேரத்துக்கு 350 கலோரி என்று வந்தால், அதை வாட் மணியாக மாற்றி, 400 வாட் மணி மின்சாரம் கிடைக்கும் என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. திரை காட்டுவது உடல் எரித்த மொத்த ஆற்றலின் மதிப்பீடு. அதில் நான்கில் ஒரு பங்குதான் பெடலுக்கு வருகிறது. எஞ்சியது உடலின் வெப்பமாக வெளியேறுகிறது.

இரண்டாம் படி: எதை இயக்கப் போகிறீர்கள்?

1929ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஆல்ஃபிரட் டிரேகர் என்ற பொறியாளர், தொலைதூரப் பண்ணைகளில் வாழ்ந்தவர்கள் பறக்கும் மருத்துவச் சேவையுடன் தொடர்புகொள்வதற்காக, பெடலால் இயங்கும் வானொலிக் கருவி ஒன்றை உருவாக்கினார். அதை மிதித்தவர்கள் தந்தது சுமார் 20 வாட். அந்த 20 வாட், மருத்துவரை அழைக்கப் போதுமானதாக இருந்தது. அவர் முதலில் மின்னாக்கியைச் செய்துவிட்டு அதற்கொரு பயனைத் தேடவில்லை. தேவையான கருவி எவ்வளவு கேட்கிறது, மனிதரால் சிரமமின்றி எவ்வளவு தர முடியும் என்ற இரண்டையும் பொருத்திப் பார்த்தார். நாமும் அதையே செய்ய வேண்டும்.

கைப்பேசிக்கு 10 வாட், எல்இடி விளக்குக்கு 9 வாட், மடிக்கணினிக்கு 45 முதல் 65 வாட், நேர்திசை மின்சாரத்தில் ஓடும் சிறிய மின்விசிறிக்கு 15 முதல் 30 வாட் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இவையெல்லாம் நம் கைக்கு எட்டியவை. வெப்பம் உண்டாக்கும் எந்தக் கருவியையும், அதாவது இஸ்திரிப் பெட்டி, வெந்நீர்க் கெண்டி, மின்சார அடுப்பு ஆகியவற்றை, அந்தத் தாளில் சேர்க்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி ஓடும்போது 100 முதல் 150 வாட் வரைதான் இழுக்கும் என்றாலும், அதன் கம்ப்ரசர் தொடங்கும் கணத்தில் அதைப் போலப் பல மடங்கு கேட்கும் என்பதால் அதுவும் வேண்டாம். தொடக்கத்துக்கு ஏற்ற இலக்கு, ஒரு மணி நேரம் மிதித்து ஒரு மடிக்கணினியையோ, நான்கைந்து விளக்குகளையோ ஒரு மணி நேரம் இயக்குவது. இந்தக் கட்டுரையின் எஞ்சிய பகுதி அந்த இலக்கை வைத்தே செல்கிறது.

மூன்றாம் படி: எந்தக் கருவி?

ஸ்பின் பைக் எனப்படும், முன்புறம் கனமான இரும்புச் சக்கரம் கொண்ட உடற்பயிற்சி சைக்கிளே புதியவர்களுக்கு ஏற்றது. தொடர்ச்சியான சுழற்சி அதில் இயல்பாகவே இருக்கிறது; சட்டமும் கனமாக, ஆடாமல் நிற்கிறது. காலின் உந்துதல் ஒரு சுற்றில் இரண்டு முறை ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கனச் சக்கரம் சமன் செய்கிறது. 18 கிலோ எடையும் 45 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள சக்கரம் நிமிடத்துக்கு 280 முறை சுழலும்போது அதில் சுமார் 200 ஜூல் தேங்கியிருக்கும். 100 வாட் சுமையை இரண்டு வினாடி தாங்க அது போதும். பெடலின் மேல், கீழ்ப் புள்ளிகளில் கால் தளரும் இடைவெளியைத் தாண்ட இவ்வளவே தேவை.

நின்றபடி கால்களை நீள்வட்டமாக இயக்கும் எலிப்டிகல் கருவியிலும் சுழலும் சக்கரம் இருப்பதால் இதே முறை பொருந்தும். துடுப்புப் பயிற்சிக் கருவியில் ஆற்றல் விட்டுவிட்டு வருவதால், இடையில் சேமிப்பு இல்லாமல் எதுவும் நடக்காது. மோட்டாரால் ஓடும் டிரெட்மில் மின்சாரத்தைத் தின்னும் கருவி. அதில் ஓடி மின்சாரம் எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. எடை தூக்கும் கருவிகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படுவதால் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 50 கிலோ எடையை அரை மீட்டர் உயர்த்தினால் கிடைப்பது 245 ஜூல். அதை நாற்பது முறை தூக்கினாலும் சேர்வது 2.7 வாட் மணி. கைப்பேசி பேட்டரி ஒன்றில் அடங்குவது சுமார் 15 வாட் மணி. தோள் வலிதான் மிச்சம்.

நான்காம் படி: மோட்டாரை மின்னாக்கியாக்குதல்

பழைய டிரெட்மில்லிலிருந்து கழற்றிய, நிரந்தரக் காந்தம் கொண்ட நேர்திசை மோட்டாரே இந்த வேலைக்குச் சிறந்தது. மின்சாரம் கொடுத்தால் சுழலும் அதே மோட்டார், சுழற்றினால் மின்சாரம் தரும். அது உண்மையிலேயே நிரந்தரக் காந்த மோட்டார்தானா என்பதைக் கடையிலேயே சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. இரண்டு வயர்களும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும்போது தண்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள், எளிதாகச் சுழலும். பிறகு இரண்டு வயர் முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுழற்றுங்கள். தேனுக்குள் சுழற்றுவதுபோல இறுக வேண்டும். 1834இல் லென்ஸ் என்ற இயற்பியலாளர் வகுத்த விதி இந்த இறுக்கமாகத்தான் கையில் உணரப்படுகிறது. தூண்டப்படும் மின்னோட்டம், தன்னை உண்டாக்கிய இயக்கத்தையே எதிர்க்கும். இறுக்கம் தெரியாவிட்டால் அந்த மோட்டார் நமக்கு உதவாது. வயர் உள்ள டிரில் கருவியிலும் அதுபோன்ற வீட்டுக் கருவிகளிலும் இருக்கும் மோட்டார்களில் நிரந்தரக் காந்தம் இல்லை என்பதால், அவற்றை எவ்வளவு சுழற்றினாலும் பயன் இருக்காது.

கார் ஆல்டர்னேட்டரைப் பயன்படுத்தலாமே என்று பலர் கேட்பார்கள். எளிதில் கிடைக்கிறது, உறுதியானது என்பதெல்லாம் சரி. ஆனால் அதன் காந்தப்புலத்தை உண்டாக்கவே 25 முதல் 50 வாட் வரை செலவாகும். நூறு குதிரைகளின் வலுவுள்ள எஞ்சினுக்கு அது பெரிதல்ல. நம் 100 வாட்டில் அது கால் பங்கு முதல் பாதி வரை. மின்சார சைக்கிளின் சக்கர நடுவில் இருக்கும் ஹப் மோட்டாரும் நல்ல தேர்வுதான் என்றாலும், அதன் மூன்று கட்ட மின்சாரத்தை நேர்திசையாக்க ஒரு ரெக்டிஃபையர் வேண்டும். உள்ளே பற்சக்கரங்கள் கொண்ட ஹப் மோட்டார்களில், சக்கரம் சுழலும்போது மோட்டாரைப் பிரித்துவிடும் கிளட்ச் இருக்கும் என்பதால், பற்சக்கரமில்லாத வகையையே தேட வேண்டும்.

மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் வோல்ட்டையும் சுழற்சி வேகத்தையும் பாருங்கள். 100 வோல்ட், நிமிடத்துக்கு 5,000 சுற்று என்று இருந்தால், முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால், ஒரு சுற்றுக்கு 0.02 வோல்ட் என்ற எண் கிடைக்கும். உண்மையில் இது சற்றுக் குறைவாகவே இருக்கும் என்றாலும் திட்டமிட இது போதும். இந்த ஓர் எண்ணை வைத்துத்தான் அடுத்த படி முழுவதும் நடக்கிறது.

மற்றொரு எச்சரிக்கை. டிரெட்மில் மோட்டாரின் தண்டில் இருக்கும் சிறிய கனச் சக்கரம் பெரும்பாலும் மரையால் திருகப்பட்டிருக்கும். தவறான திசையில் சுழற்றினால் அது மெல்ல மெல்லக் கழன்று, ஒரு நாள் உருண்டு ஓடும். எந்தத் திசையில் இறுகுகிறது என்பதைக் கையால் திருகிப் பார்த்து, அதற்கேற்ப மோட்டாரைப் பொருத்துங்கள்.

ஐந்தாம் படி: வேக விகிதமும் பொருத்துதலும்

ஒருவர் இயல்பாக மிதிப்பது நிமிடத்துக்கு 60 முதல் 90 சுற்று. ஸ்பின் பைக்கில் பெடல் ஒரு முறை சுற்றினால் முன்சக்கரம் ஏறத்தாழ மூன்றரை முறை சுற்றும் என்று கொண்டால், 80 சுற்று மிதிக்கும்போது சக்கரம் 280 முறை சுழலும். அந்த 45 சென்டிமீட்டர் சக்கரத்திலிருந்து மோட்டாரின் 9 சென்டிமீட்டர் கப்பிக்குப் பெல்ட் போட்டால், வேகம் ஐந்து மடங்காகி 1,400 சுற்று ஆகும். அதை 0.02ஆல் பெருக்கினால் 28 வோல்ட். 12 வோல்ட் பேட்டரியை ஏற்ற 14.4 வோல்ட் வேண்டும் என்பதால், மெதுவாக மிதிப்பவருக்கும் போதுமான இடைவெளி இதில் இருக்கிறது.

டிரெட்மில் மோட்டாருடன் வரும் கப்பி பெரும்பாலும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் விட்டம்தான் இருக்கும். கைக்கு வந்தது இருக்கிறதே என்று அதையே பயன்படுத்தினால், விகிதம் 15 மடங்காகி 84 வோல்ட் வந்து நிற்கும். நேர்திசை மின்சாரத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினால் உடலில் படும் அதிர்ச்சி ஆபத்தானது. மலிவான மின்னணுக் கருவிகளும் அந்த அழுத்தத்தில் புகைந்துவிடும். எனவே யாராவது வேடிக்கைக்காக 120 சுற்று வேகத்தில் மிதித்தாலும் மின்னழுத்தம் 60 வோல்ட்டைத் தாண்டாதபடி கப்பியைத் தேர்ந்தெடுங்கள். மேலே சொன்ன 9 சென்டிமீட்டர் கப்பியில் அந்த வேகத்துக்கு 42 வோல்ட்தான் வரும்.

பெல்ட்டாக, நீளவாக்கில் வரிகள் கொண்ட தட்டையான ரப்பர் பெல்ட்டைப் பயன்படுத்துங்கள். ரப்பர் உருளையைச் சக்கரத்தின் மேல் அழுத்தி ஓட்டும் முறை பொருத்துவதற்கு எளிது. ஆனால் வழுக்கியும் சூடாகியும் ஆற்றலைத் தின்றுவிடும். பெல்ட்டை மாட்ட முன்சக்கரத்தின் அச்சைக் கழற்ற வேண்டியிருக்கும். பெல்ட் சக்கர விளிம்பின் ஓர் ஓரமாக ஓடட்டும். பிரேக் பட்டையைக் குறுக்காக வெட்டி, மற்ற ஓரத்தை மட்டும் தொடுமாறு செய்யுங்கள். இனி பிரேக் எதற்கு என்று அதைக் கழற்றிவிடக் கூடாது. ஸ்பின் பைக்கில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தின் வேகத்தில் பெடல் தானாகச் சுழன்றுகொண்டே இருக்கும். மின்சுமை திடீரென அறுந்துபோனால் காலை இழுத்துக்கொண்டு ஓடும் பெடலை நிறுத்த அந்தப் பிரேக் ஒன்றுதான் இருக்கிறது.

மோட்டாரை ஒரு கனமான பலகையிலோ இரும்புத் தகட்டிலோ நீள்துளைகளில் போல்ட் இட்டுப் பொருத்தினால், முன்னும் பின்னும் நகர்த்திப் பெல்ட்டின் இறுக்கத்தைச் சரிசெய்யலாம். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உள்வாங்க வேண்டும். சக்கரமும் கப்பியும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பதை ஒரு நேரான கம்பியை வைத்துப் பாருங்கள்; கோணல் இருந்தால் பெல்ட் கழன்று ஓடும். பெல்ட்டுக்கு மூடி கட்டாயம் வேண்டும். கால்சட்டையின் நுனி, காலணிக் கயிறு, குழந்தையின் விரல் ஆகிய மூன்றும் அந்த இடைவெளியைத்தான் தேடிச் செல்லும்.

ஆறாம் படி: விளக்கை எரித்துப் பார்த்தல்

பேட்டரியைத் தொடும் முன் இரண்டு சோதனைகள். முதலில் மோட்டாரின் முனைகளில் மல்டிமீட்டரை மட்டும் வைத்து, 60, 80, 100 சுற்று வேகங்களில் மிதித்து, வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில் 21, 28, 35 என்று வர வேண்டும். எந்த வயர் நேர்முனை என்பதையும் அப்போதே பார்த்து, சிவப்பு நாடா சுற்றிவிடுங்கள்.

அடுத்து, லாரிகளில் பயன்படும் 24 வோல்ட், 70 வாட் முகப்பு விளக்கு ஒன்றை நேரடியாக இணைத்து மிதியுங்கள். விளக்கின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை மிகக் குறைவு என்பதால், முதல் சில சுற்றுகள் சேற்றில் மிதிப்பதுபோலக் கனமாக இருக்கும். இழை சூடானதும் இலேசாகும். பத்து நிமிடம் அந்த விளக்கை மங்கவிடாமல் மிதித்துப் பாருங்கள். 70 வாட் என்றால் என்ன என்று எந்தப் புத்தகத்தைவிடவும் தெளிவாகத் தொடைகள் சொல்லும். பிறகு அதே இடத்தில் 10 வாட் எல்இடி விளக்கை அதற்குரிய டிரைவர் எனப்படும், மின்னோட்டத்தைச் சீராக்கும் சிறு மின்சுற்றுடன் இணைத்தால், மிதிப்பதே தெரியாது. இந்தச் சோதனை முடியும்போது மோட்டார் கை பொறுக்காத அளவுக்குச் சூடாகியிருந்தால், சுழலும் பகுதியைத் தொட்டு மின்சாரம் கடத்தும் அதன் கரித்துண்டுகளையும் பேரிங்குகளையும் பார்த்துச் சரிசெய்த பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

ஏழாம் படி: மின்சுற்று

இணைப்பின் வரிசை இதுதான்: மோட்டார், ஃபியூஸ், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு, மின்னழுத்தத்தைக் குறைக்கும் கன்வெர்ட்டர், மீண்டும் ஒரு ஃபியூஸ், பேட்டரி. வயர்கள் 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமனில் இருந்தால் போதும்.

டயோடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நீங்கள் இறங்கி நின்ற பிறகு, பேட்டரியிலிருந்து மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து மோட்டாரைச் சுழற்ற, ஆளில்லாத சைக்கிள் தானே மிதித்துக்கொண்டிருக்கும். சாட்கி வகை டயோடில் மின்னழுத்த இழப்பு சாதாரண சிலிக்கான் டயோடில் இருப்பதைவிடக் குறைவு. 100 வோல்ட்டும் 20 ஆம்பியரும் தாங்கக்கூடிய ஒன்றை, வெப்பம் கடத்தும் அலுமினியத் தகட்டில் பொருத்திப் பயன்படுத்துங்கள். இரண்டாவது ஃபியூஸ் 10 ஆம்பியராக இருக்கட்டும். அது பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். குறுக்குச்சுற்று ஏற்பட்டால் ஒரு சிறிய பேட்டரிகூட நூறு ஆம்பியருக்கு மேல் தள்ளி வயரைத் தீப்பிடிக்க வைக்கும். மிதிக்கும் மனிதரால் வரும் ஆபத்தைவிட இது பெரியது.

கன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுப்பதில்தான் இந்த வேலையின் மிக நுட்பமான பகுதி இருக்கிறது. 60 வோல்ட் உள்ளீடு தாங்குவதும், வெளியீட்டில் மின்னழுத்தம், மின்னோட்டம் ஆகிய இரண்டையும் தனித்தனியாகத் திருகி அமைக்கக்கூடியதுமான ஒன்று வேண்டும். மின்னழுத்தத்தை 14.4 வோல்ட்டில் நிறுத்துங்கள். மின்னோட்டத் திருகுதான் இனி உங்கள் உடற்பயிற்சி சைக்கிளின் கடினத்தன்மையைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். 4.5 ஆம்பியர் என்றால் பேட்டரிக்குள் சுமார் 65 வாட் போகிறது. காலில் 100 வாட் தேவைப்படுகிறது.

ஆனால் தொடக்கத்திலேயே 4.5 ஆம்பியரில் வைத்தால் ஒரு விந்தையான அனுபவம் ஏற்படும். கன்வெர்ட்டர் எப்போதும் அதே 65 வாட்டைத் தந்துகொண்டிருக்க முயலும். நீங்கள் சற்றுக் களைத்து வேகத்தைக் குறைத்தால் மோட்டாரின் மின்னழுத்தம் குறையும். அதை ஈடுகட்டக் கன்வெர்ட்டர் மோட்டாரிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். மின்னோட்டம் கூடினால் பெடல் மேலும் கனக்கும். வேகம் இன்னும் குறையும். சரிவில் உருளும் கல்லைப்போல இது தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு, மூன்று நான்கு வினாடிகளில் பெடலை நிறுத்திவிடும். வழக்கமான சைக்கிளில் மெதுவாக மிதித்தால் எளிதாகும் என்று பழகிய காலுக்கு இது பெரும் எரிச்சல். கோளாறு மோட்டாரில் இருக்கிறது என்று நினைத்து அதை மாற்றியவர்களும் உண்டு.

இதற்கு இரண்டு தீர்வுகள். முதலாவது, மின்னோட்ட வரம்பை 2 ஆம்பியரில் தொடங்கி, உங்களால் நிலையாக மிதிக்க முடியும் அளவுக்கு நாளடைவில் உயர்த்துவது. இரண்டாவது, உள்ளீட்டு மின்னழுத்தம் 18 வோல்ட்டுக்குக் கீழே போனால் சுமையைத் தானாகத் துண்டிக்கும் வசதியுள்ள கன்வெர்ட்டரை வாங்குவது. துண்டித்ததும் பெடல் இலேசாகி வேகம் மீளும். பிறகு சுமை மீண்டும் சேரும். சூரியத் தகடுகளுக்கான சார்ஜ் கன்ட்ரோலரை இங்கே பொருத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தகட்டிலிருந்து மிக அதிகத் திறன் எங்கே கிடைக்கிறது என்று அது ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கும். அந்தத் தேடல் காலில் குலுக்கலாகத் தெரியும். மனிதக் கால் சூரியனைப்போல எதிர்வினை காட்டாமல் இருப்பதில்லை.

எட்டாம் படி: சேமிப்பும் பயன்பாடும்

12.8 வோல்ட், 20 ஆம்பியர் மணி அளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி நம் தேவைக்குப் போதும். அதில் 256 வாட் மணி அடங்கும். நான்கு மணி நேர மிதிப்பில் நிறையும். போட்ட மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் திரும்பக் கிடைக்கும். ஈய அமில பேட்டரி விலை குறைவு. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலை அதுவே எடுத்துக்கொள்ளும். அதைப் பாதிக்கு மேல் வெறுமையாக்கினால் ஆயுள் குறையும். ஏற்றும்போது வெளிவரும் ஹைட்ரஜனுக்காகக் காற்றோட்டமும் வேண்டும். எந்த பேட்டரியானாலும், அது நிறைந்துவிட்டால் மின்னோட்டம் நின்று பெடல் சட்டென்று இலேசாகிவிடும். அப்போது பிரேக்கைச் சற்று இறுக்கிக்கொண்டு பயிற்சியைத் தொடரலாம்.

சேமிக்காமல், மிதிக்கும்போதே பயன்படுத்த விரும்புபவர்கள் பேட்டரிக்குப் பதிலாக, மின்சாரத்தைச் சிறிது நேரம் மட்டும் தேக்கித் தரும் சூப்பர் கபாசிட்டர்களை வைக்கலாம். 2.7 வோல்ட், 350 ஃபாரட் அளவுள்ள ஆறு கபாசிட்டர்களைத் தொடராக இணைத்தால், 16 வோல்ட்டிலிருந்து 11 வோல்ட் வரை இறங்குவதற்குள் சுமார் 3,900 ஜூல் தரும். 100 வாட் சுமையை அது நாற்பது வினாடி தாங்கும். முகம் துடைக்கவும் தண்ணீர் குடிக்கவும் அது போதும். ஆறும் சமமாக நிறைவதற்கான சமன்படுத்தும் மின்சுற்றுப் பலகையைச் சேர்க்க மறக்க வேண்டாம்.

இன்வெர்ட்டரைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். சுமை எதுவும் இல்லாமல் சும்மா இருக்கும்போதே அது 5 முதல் 15 வாட் வரை எடுத்துக்கொள்ளும். நாம் வியர்வை சிந்திச் சேர்க்கும் 65 வாட்டில் அது சிறிய தொகை அல்ல. 12 வோல்ட்டில் எரியும் விளக்குகள், காருக்கான யுஎஸ்பி சார்ஜர், காருக்கான மடிக்கணினி அடாப்டர் ஆகியவற்றை பேட்டரியுடன் நேராக இணைத்தால், இழப்பின் ஒரு படி முழுவதுமாக நீங்கிவிடும்.

ஒன்பதாம் படி: அளந்து பார்த்தல்

கன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் இடையில் ஒரு நேர்திசை வாட் மீட்டரைப் பொருத்தி, அதன் திரையைக் கைப்பிடிக்கு அருகில், கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். மிதிப்பவருக்கு எண் தெரிந்தால்தான் நிலையாக மிதிக்க முடியும். முதல் வாரம் ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம், சராசரியாக எத்தனை வாட், மொத்தம் எத்தனை வாட் மணி என்று எழுதி வையுங்கள். அதே வேகத்தில், அதே சுமையில் வாட் மணி குறைந்துகொண்டே வந்தால் பெல்ட் வழுக்குகிறது அல்லது கரித்துண்டுகள் தேய்கின்றன என்று பொருள். பெல்ட்டை மாதம் ஒரு முறை இறுக்க வேண்டியிருக்கும். பேரிங் சத்தம் போட்டால் அதை மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

உடற்பயிற்சிக் கூடம் முழுவதையும் மாற்ற நினைப்பவர்களுக்கு

ஒரு சைக்கிள் வேலை செய்துவிட்டால், இருபதை இணைத்துக் கட்டடத்தையே இயக்கினால் என்ன என்ற ஆசை வரும். அப்போது பேட்டரிகளை விட்டுவிட்டு, கிரிட் எனப்படும் பொது மின்வலையுடன் இணையும் இன்வெர்ட்டர் வழியாகக் கட்டடத்தின் மின்சுற்றிலேயே செலுத்துவது பொருத்தமாக இருக்கும். கிரிட்டில் மின்சாரம் நின்றால் உடனே தன்னை அணைத்துக்கொள்ளும் பாதுகாப்பு அந்த இன்வெர்ட்டரில் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் தெருக் கம்பத்தில் வேலை செய்பவரின் உயிருக்கு ஆபத்து. மின்விநியோக நிறுவனத்தின் அனுமதியும் உரிமம் பெற்ற மின்பணியாளரும் இல்லாமல் இதைத் தொடக்கூடாது. நடைமுறையில் வேறொரு தொல்லையும் உண்டு. இத்தகைய இன்வெர்ட்டர்கள் விழித்ததும் கிரிட்டைச் சில நிமிடங்கள் கண்காணித்த பிறகே மின்சாரத்தைச் செலுத்தத் தொடங்கும். ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறும் இடைவெளியில் அது அணைந்துவிட்டால், புதியவரின் முதல் சில நிமிட உழைப்பு வீணாகிவிடும். அதனால் எல்லா சைக்கிள்களையும் ஒரு பொதுவான நேர்திசைத் தடத்தில் சேர்த்து, ஒரே இன்வெர்ட்டரைத் தொடர்ந்து விழித்திருக்கச் செய்வது நல்லது.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். இருபது பேர் தலைக்கு 100 வாட் மிதித்தால் கிரிட்டுக்குப் போவது சுமார் 1.3 கிலோவாட். அதே நேரத்தில் அந்த இருபது உடல்களும் தலைக்கு 300 வாட்டுக்கு மேல், மொத்தம் ஆறு கிலோவாட்டுக்கும் அதிகமான வெப்பத்தை அறைக்குள் விடுகின்றன. அந்த வெப்பத்தை வெளியேற்றக் குளிரூட்டிக்கு ஏறத்தாழ இரண்டு கிலோவாட் மின்சாரம் தேவைப்படும். எனவே கூடத்தை மாற்றுவதற்கு முன், சன்னல்களைத் திறந்து குளிரூட்டியை நிறுத்திவைக்கக்கூடிய மாதங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்து, சைக்கிள்களை அந்தச் சன்னல் வரிசையில் போடுங்கள்.